என்ஜினின் வெளிமூச்சு: ஹெடர் குழாய்களும் அவற்றைப் பொருத்தும் முறையும்

மோட்டார் வண்டியின் புகைக்குழாயை அடுப்பின் புகைபோக்கிக்கு ஒப்பிடுவது வழக்கம். எரிந்த வாயு வெளியேறுவதற்கு ஒரு வழி வேண்டும். அதற்குமேல் அக்குழாயில் ஆராய வேண்டியது எதுவுமில்லை என்றே பலரும் எண்ணுவர். ஆனால் என்ஜினின் வெளியேற்று வால்விலிருந்து முதல் ஒரு மீட்டர் தூரம்வரை உள்ள குழாய் வெறும் வழியன்று. அது என்ஜினின் உறுப்புகளுள் ஒன்று. அதன் நீளமும் விட்டமும், அது வேறொரு குழாயுடன் கூடும் இடமும், என்ஜின் உள்ளே இழுக்கும் காற்றின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ வல்லவை.

இவ்வுண்மையை ஆதாரமாகக் கொண்டு ஒரு வியாபாரம் நடந்துவருகிறது. தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட வார்ப்பிரும்பு மேனிபோல்டை அகற்றிவிட்டு, அதன் இடத்தில் ஒவ்வொரு ஸிலிண்டருக்கும் தனித்தனியே வளைத்த எஃகுக் குழாய்களைக் கொண்ட தொகுதியைப் பொருத்துவர். பட்டறைகளில் இதற்கு ‘ஹெடர்’ என்று பெயர். சக்தி கூடும், பெட்ரோல் மிச்சமாகும், ஒலி கம்பீரமாகும் என மூன்று வாக்குறுதிகள் இதனுடன் சேர்த்தே விற்கப்படுகின்றன. மூன்றில் ஐயமின்றி நிறைவேறுவது ஒலியைப் பற்றியது மட்டுமே.

பழைய கார்புரேட்டர் வண்டியில் இம்மாற்றத்தினால் நஷ்டம் நேர்ந்தால் அது பெரும்பாலும் வண்டிக்காரரோடு போயிற்று. இன்றைய வண்டிகளில் நிலைமை வேறு. அதன் காரணத்தை உணர்வதற்கு, அக்குழாயினுள் நிகழ்வது யாது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

குழாயினுள் ஓடும் அலை

நான்கு வீச்சு என்ஜினில் பிஸ்டன் கீழ் எல்லையை எட்டுவதற்கு முன்னரே வெளியேற்று வால்வு திறந்துவிடுகிறது. கிராங்குத் தண்டின் சுழற்சியில் ஏறக்குறைய 50 டிகிரி மீதமிருக்கும்போதே இது நிகழும். அச்சமயம் ஸிலிண்டரினுள் உள்ள அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைப்போல் பல மடங்காகும். எனவே வால்வு சற்றே விலகியவுடன் வாயு சீறிப் பாய்கிறது. பிஸ்டன் தள்ளுவதற்குக் காத்திராமல் வாயுவின் பெரும்பகுதி தன் அழுத்தத்தாலேயே வெளியேறிவிடுகிறது எனலாம்.

இச்சீறலில் இரண்டு ஓட்டங்கள் உள்ளன. ஒன்று வாயுவின் ஓட்டம். மற்றொன்று அழுத்த அலையின் ஓட்டம். இது வாயுவைக் காட்டிலும் மிக வேகமாகக் குழாய் வழியே முன்னேறுகிறது. சாதாரணக் காற்றில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்லும். வெளியேற்றுக் குழாயில் உள்ள வாயு மிகுந்த உஷ்ணமுடையதாதலால் அங்கே அலையின் வேகம் வினாடிக்கு 500 முதல் 600 மீட்டர்வரை இருக்கும். இந்த அலை குழாயின் திறந்த முனையையோ, விட்டம் திடீரென விரியும் இடத்தையோ அடைந்ததும் திரும்புகிறது. திரும்பும்போது அதன் தன்மை மாறிவிடுகிறது. அழுத்தமாகச் சென்றது, அழுத்தக் குறைவாகத் திரும்பி வருகிறது.

திறந்த முனையும் மூடிய முனையும் அலையை வெவ்வேறு விதமாகத் திருப்பும் என்பதை ஆசிரியர்கள் வகுப்பறையிலேயே காட்டலாம். அரை மீட்டர் நீளமுள்ள அட்டைக்குழாய் அல்லது பிளாஸ்டிக் குழாய் ஒன்று போதும். அதன் ஒரு வாயில் உள்ளங்கையால் தட்டிக் கையை அப்படியே வைத்திருந்தால் ஒரு சுரம் கேட்கும். தட்டியவுடன் கையை எடுத்துவிட்டால் அதைவிட ஏறக்குறைய ஒரு ஸ்தாயி உயர்ந்த சுரம் கேட்கும். குழாய் ஒன்றே, நீளமும் ஒன்றே. முனை மூடியிருந்தால் வினாடிக்குச் சுமார் 170 அதிர்வுகளும், இரு முனைகளும் திறந்திருந்தால் சுமார் 340 அதிர்வுகளும் உண்டாகின்றன. மாணவர் ஒருமுறை இதனைக் காதால் கேட்டுவிட்டால், அலை திரும்பும் விதம் கரும்பலகைப் படமின்றியே விளங்கிவிடும்.

இனி, திரும்பி வரும் அழுத்தக் குறைவினால் என்ஜினுக்கு என்ன பயன்? வெளியேற்று வீச்சு முடிந்து உள்ளிழுக்கும் வீச்சு தொடங்கும் வேளையில் சிறிது நேரம் இரு வால்வுகளும் ஒருங்கே திறந்திருக்கும். அழுத்தக் குறைவு அந்தச் சமயத்தில் வால்வண்டை வந்து சேருமாயின், ஸிலிண்டரின் மூலையில் தங்கியுள்ள எரிந்த வாயுவை அது உறிஞ்சி எடுக்கும். பிஸ்டன் கீழே இறங்கத் தொடங்குமுன்பே புதுக்கலவை உள்ளே வர ஆரம்பிக்கும். ஹெடரின் தத்துவம் முழுவதும் இதுவே. குழாயை அகலமாக்கிப் புகையை எளிதில் விடுவது அன்று. அலையைச் சரியான வேளையில் திரும்பச் செய்வதே நோக்கம்.

வேளை என்பது இங்கே மிகவும் நுண்ணியது. 80 செ.மீ. நீளமுள்ள குழாயில் அலை போய்த் திரும்ப 160 செ.மீ. செல்ல வேண்டும். வினாடிக்கு 550 மீட்டர் எனக் கொண்டால் இதற்கு ஏறக்குறைய 3 மில்லி செகண்டு ஆகும். வால்வு திறந்தபின் அழுத்தம் உச்சமடையவும் ஓரிரு மில்லி செகண்டு செல்லும். ஆக, 4 முதல் 5 மில்லி செகண்டு எனக் கொள்வோம். என்ஜின் நிமிஷத்திற்கு 6000 சுற்றுகள் சுழலும்போது வால்வு திறந்ததிலிருந்து பிஸ்டன் மேல் எல்லையை அடைய 6 மில்லி செகண்டுக்குச் சற்று அதிகமாகும். ஆகவே அலை ஏறக்குறைய வேண்டிய வேளையில் வந்துவிடுகிறது. அதே என்ஜின் 3000 சுற்றுகளில் ஓடினால் இந்தக் காலம் இரட்டித்து 12 மில்லி செகண்டுக்கு மேலாகிவிடும். அப்போது அலை பிஸ்டன் பாதிவழி வருமுன்பே வந்து போய்விடும். அழுத்தக் குறைவு தேவைப்படும் வேளையில், மீண்டும் திரும்பிய அழுத்த அலை வால்வண்டை நிற்கவும் கூடும்.

ஆகவே எந்த ஹெடரும் எல்லா வேகங்களிலும் நன்மை செய்யாது. ஒரு வேகத்தில் பெற்றதை வேறொரு வேகத்தில் ஓரளவு திருப்பிக் கொடுத்தே தீரும். குறுகிய குழாய்கள் மிகு வேகத்திற்கும், நீண்ட குழாய்கள் குறைந்த வேகத்திற்கும் ஏற்றவை. பந்தய வண்டி எப்போதும் மிகு வேகத்தில் ஓடுவதால் அதற்கு இழப்பு தெரிவதில்லை. கடைவீதியிலும் கிராமச் சாலையிலும் 1500 முதல் 3000 சுற்றுகளுக்குள் ஓடும் வண்டிக்கு அதே குழாயைப் பொருத்தினால், கிடைப்பது மந்தமான இழுவையும் உரத்த சத்தமுமே.

ஸிலிண்டர்களுக்குள் நேரும் இடையூறு

வரிசையாக நான்கு ஸிலிண்டர்களையுடைய என்ஜினில் எரிதல் பெரும்பாலும் 1, 3, 4, 2 என்ற முறையில் நிகழும். அரைச்சுற்றுக்கு ஒன்று, அதாவது 180 டிகிரிக்கு ஒன்று. ஆனால் ஒவ்வொரு வெளியேற்று வால்வும் 240 டிகிரிக்கு மேல் திறந்திருக்கிறது. எனவே முதல் ஸிலிண்டர் தன் வேலையை முடிக்கும் தறுவாயில் மூன்றாவது ஸிலிண்டரின் வால்வு திறந்து அங்கிருந்து சீறல் புறப்படுகிறது. நான்கு வாய்களும் குட்டையான ஒரே வார்ப்பிரும்புப் பெட்டியில் சேர்ந்திருந்தால் அந்தச் சீறல் முதல் ஸிலிண்டரின் திறந்த வாய்க்குள்ளேயே புகும். வெளியே போக வேண்டிய புகை உள்ளே திரும்புகிறது.

இதனைத் தவிர்க்கும் வழி, அடுத்தடுத்து எரியும் ஸிலிண்டர்களைப் பிரித்து வைப்பதாகும். 1, 4 ஆகியவற்றை ஒரு ஜோடியாகவும் 2, 3 ஆகியவற்றை மற்றொரு ஜோடியாகவும் இணைத்தால், ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கும் மற்றதற்கும் இடையே முழுச் சுற்று, அதாவது 360 டிகிரி கிடைக்கும். பின்னர் அவ்விரண்டு குழாய்களையும் சற்றுத் தொலைவில் ஒன்றாக்கலாம். நான்கு, இரண்டு, ஒன்று எனக் குறையும் இவ்வமைப்பு நடுத்தர வேகங்களில் நல்ல முறுக்கு விசை தருவது. நான்கு குழாய்களும் ஒரே இடத்தில் கூடும் அமைப்பு உச்ச வேகத்தில் மேலானது.

நம் நாட்டில் யாவரும் அறிந்த ஓர் என்ஜினையே உதாரணமாகக் கொள்ளலாம். மேற்கு வங்காளத்தில் உத்தர்பாராவிலிருந்து வெளிவந்த அம்பாஸிடர் கார், 2014-ஆம் ஆண்டில் உற்பத்தி நிற்கும்வரை, அரசாங்க அலுவலகங்களின் வாயிலில் நில்லாத நாளில்லை. நெடுங்காலம் அதில் அமைந்திருந்தது 1489 கன செ.மீ. கொள்ளளவுள்ள பிரிட்டிஷ் ‘பி’ வரிசை என்ஜின். அதன் தலைப்பகுதியில் நான்கு ஸிலிண்டர்களுக்கு நான்கு வெளியேற்று வாய்கள் இல்லை, மூன்றே உள்ளன. ஓரங்களிலுள்ள 1, 4 ஆகியவற்றுக்குத் தனித்தனி வாய். நடுவிலுள்ள 2, 3 ஆகிய இரண்டுக்கும் சேர்த்து ஒரே வாய். இதனைச் சிக்கனத்தால் வந்த குறை எனச் சிலர் கருதுவதுண்டு. ஆனால் மேலே கண்ட கணக்கின்படி 2, 3 ஆகியவை முழுச் சுற்று இடைவெளியில் எரிபவை. அவை ஒரே வாயைப் பகிர்ந்துகொள்வதால் ஒன்றையொன்று தடுப்பதில்லை. இந்த என்ஜினுக்கேற்ற ஹெடரில் ஓரக் குழாய்கள் இரண்டும் முதலில் ஒன்றாகும். நடுக்குழாய் தனியே நீண்டுசென்று பின்னர் அவற்றுடன் கூடும். இதே வரிசை என்ஜினைக் கொண்ட எம்.ஜி. கார்களுக்கு இத்தகைய குழாய்கள் பல்லாண்டுகளாக விற்பனையாகி வருகின்றன.

ஹெடர் வியாபாரம் வேரூன்றியது அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில். இரண்டாவது உலக யுத்தத்துக்குப்பின் பழைய கார்களை வாங்கிப் பந்தயத்துக்காகத் திருத்தியமைத்த இளைஞர்களே அதன் முதல் வாடிக்கைக்காரர்கள். ஹெட்மன் கம்பெனி 1954-இல் தொடங்கப்பட்டது. வார்ப்பிரும்பை விட்டுக் குழாய்க்கு மாற அவர்களுக்கு நியாயமான காரணம் இருந்தது. அவர்கள் ஓட்டியது பந்தய வேகத்தில்.

பொருத்தும் முறை

பழைய மேனிபோல்டில் வெடிப்பு கண்டு, வார்ப்புப் பாகம் கிடைக்காமல், குழாய்த் தொகுதியைப் பொருத்த நேரும் சந்தர்ப்பங்களும் உண்டு. ஆகவே வேலைமுறையை அறிந்திருத்தல் நன்று. தொழிற்பயிற்சி ஆசிரியர்களுக்கும் இது நல்ல பாடமாகும். ஏனெனில் பொறுமையின்மையால் கெடும் வேலைகளில் இதற்கு முதலிடம் தரலாம்.

ஆண்டுக்கணக்கில் சூடேறிக் குளிர்ந்த ஸ்டட்டுகளும் நட்டுகளும் துருவால் ஒன்றிப்போயிருக்கும். முதல் நாள் மாலையிலேயே அவற்றுக்குத் துரு இளக்கும் எண்ணெய் இட்டு ஊறவிடல் வேண்டும். மறுநாள் என்ஜின் நன்கு குளிர்ந்த நிலையில், பாட்டரியின் இணைப்பை அகற்றிய பின்னரே ஸ்பானரை எடுக்க வேண்டும். நட்டு அசையாவிடில் பலத்தைப் பிரயோகிப்பது தவறு. சற்று இறுக்கிப் பின் தளர்த்தி, மீண்டும் எண்ணெய் இட்டு, முன்னும் பின்னுமாக அசைத்தே கழற்ற வேண்டும். ஸ்டட்டு முறிந்து அதன் துண்டு ஸிலிண்டர் தலையில் தங்கிவிட்டால், துளையிட்டு எடுக்க அரைநாள் போய்விடும். துளை சாய்ந்துவிட்டால் தலையையே கழற்ற நேரும்.

‘பி’ வரிசை என்ஜினில் கலவை உட்செல்லும் மேனிபோல்டும் புகை வெளியேறும் மேனிபோல்டும் ஒரே பக்கத்தில் அமைந்தவை. ஒன்றைக் கழற்றக் கார்புரேட்டரையும் சேர்த்தே இறக்க வேண்டும். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இரு மேனிபோல்டுகளின் விளிம்புகளையும் ஒருங்கே அழுத்திப் பிடிப்பவை ஒரே கனத்த வாஷர்கள். ஒவ்வொரு வாஷரும் பாதி ஒரு விளிம்பின்மீதும் பாதி மற்றொன்றின்மீதும் அமர்ந்திருக்கும். புதிய ஹெடரின் விளிம்பு, உட்செல் மேனிபோல்டின் விளிம்பைவிட ஒரு மில்லி மீட்டர் மெல்லியதாக இருந்தாலும் வாஷர் சாய்ந்து, ஒருபுறம் இறுகும். மறுபுறம் புகை கசியும். எவ்வளவு இறுக்கினாலும் கசிவு நில்லாது. வேலை முடிந்தபின் காரணம் தெரியாமல் பேக்கிங்கை மூன்று முறை மாற்றுவதைவிட, தொடங்குமுன் இரு விளிம்புகளையும் அளவுக் கருவியால் அளந்துகொள்ளுதல் எளிது.

ஸிலிண்டர் தலையின் முகத்தில் ஒட்டியிருக்கும் பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடுக்கும்போது உலோகத்தில் கீறல் விழலாகாது. பழைய வண்டிகளின் பேக்கிங்குகளில் கல்நார் கலந்திருப்பதுண்டு. அதன் தூள் சுவாசப்பைக்குப் பெருங்கேடு விளைவிப்பதாகையால் உலர்ந்த நிலையில் தேய்க்கவோ, காற்றால் ஊதவோ கூடாது; நனைத்தே எடுக்க வேண்டும். வாய்களில் துணியை அடைத்துக்கொண்டு வேலை செய்தபின், துணிகளை எண்ணி எடுத்தல் நலம். பின்னர் ஹெடரின் விளிம்பின்மேல் நேரான எஃகு அளவுகோலை வைத்துப் பார்க்க வேண்டும். பற்றவைக்கும் சூட்டில் விளிம்பு வளைந்திருந்தால் இடையே வெளிச்சம் தெரியும். அத்தகையதைப் பட்டறையில் சமன்செய்த பின்னரே பொருத்தலாம்.

புதிய பேக்கிங்கை வைத்து எல்லா நட்டுகளையும் முதலில் கைவிரலாலேயே இறுகும்வரை திருக வேண்டும். அதன்பின் நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் மாறி மாறி, இரண்டு மூன்று தவணைகளில் இறுக்க வேண்டும். ஓர் ஓரத்திலிருந்து மற்றோர் ஓரத்துக்கு இறுக்கிச் சென்றால் விளிம்பு வில்போல் நிமிரும்.

பின்புறக் குழாயுடன் ஹெடரை இணைக்கும் இடத்தில் உலோகத்தின் விரிவைக் கணக்கில் கொள்ளுதல் அவசியம். ஒரு மீட்டர் நீளமுள்ள சாதாரண எஃகுக் குழாயின் உஷ்ணம் 500 டிகிரி சென்டிகிரேடு உயர்ந்தால் அது ஏறக்குறைய 6 மி.மீ. நீளும், துருப்பிடிக்காத எஃகாயின் 8 மி.மீ.-க்கு மேல். அன்றியும் என்ஜின் ரப்பர் தாங்கிகளின்மேல் எந்நேரமும் ஆடிக்கொண்டிருப்பது. வண்டியின் சட்டமோ ஆடாதது. குழாயைச் சட்டத்தோடு விறைப்பாகக் கட்டிவிட்டால் சில மாதங்களில் பற்றவைப்பு வெடித்துவிடும். வளையும் இணைப்பு ஒன்றும் ரப்பர் தொங்கிகளும் தேவை. பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், மின்கம்பிகள் ஆகியவற்றிலிருந்து குழாய் போதிய தூரம் விலகியிருக்கிறதா என்பதை என்ஜினைக் கையால் இருபுறமும் அசைத்துப் பார்த்த பின்னரே முடிவுசெய்ய வேண்டும்.

குழாயின்மேல் வெப்பம் தடுக்கும் நாடாவைச் சுற்றுவோர் உண்டு. என்ஜின் அறையின் சூடு குறையும் என்பது மெய்யே. ஆனால் மழைக்காலத்தில் நாடா ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் சாதாரண எஃகுக் குழாய் விரைவில் அரித்துப்போகும்.

முதல் ஓட்டத்திற்குப்பின் என்ஜினைக் குளிரவிட்டு நட்டுகளை மறுபடியும் இறுக்குதல் வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மற்றொரு முறை. கசிவிருந்தால், குளிர்ந்த என்ஜினைக் கிளப்பியவுடன் ‘டிக் டிக்’ என்ற ஓசை கேட்கும். சூடேறி உலோகம் விரிந்ததும் அது மறைந்துவிடக்கூடும். இணைப்பினருகே கரிய புகைக்கோடு படிந்திருப்பதும் கசிவின் அடையாளமே.

கார்புரேட்டர் வண்டிகளில் இதனோடு வேலை முடிவதில்லை. காற்றோட்டம் மாறியதால் கலவையின் விகிதத்தைச் சரிபார்த்தே ஆக வேண்டும். மேலும், பழைய ஜீப்பின் பக்கவால்வு என்ஜினிலும் பல ஒற்றைக் கார்புரேட்டர் என்ஜின்களிலும், உட்செல் மேனிபோல்டின் அடிப்பகுதி புகை மேனிபோல்டின் சூட்டால் வெதுவெதுப்பாக்கப்படுகிறது. பெட்ரோல் துளிகள் ஆவியாவதற்கென்றே வேண்டுமென்று செய்த ஏற்பாடு இது. ஹெடர் வந்தால் இந்தச் சூடு போய்விடும். குளிர்ந்த காலை வேளைகளில், குறிப்பாக மலைப்பிரதேசங்களில், வண்டி நெடுநேரம் திணறும். இவ்வளவுக்கும் பின்னர் சாதாரண என்ஜினில் சக்தி நூற்றுக்குச் சில பங்கு கூடினால் அதுவே நல்ல பலனாகும்.

கசிவும் விஷவாயுவும்

மேனிபோல்டின் கசிவு மற்றக் கசிவுகளைப் போன்றதன்று. பெட்ரோல் என்ஜினின் புகையில் கார்பன் மோனாக்ஸைடு உள்ளது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் அது கூடுகிறது. ஆகவே காற்றில் அது சிறிதளவே இருந்தாலும் நேரம் செல்லச் செல்ல இரத்தத்தில் இடம்பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு ஆகியவை முதல் குறிகள். பயணக் களைப்பென்று அவற்றைத் தள்ளிவிடுவது எளிது, அதுவே ஆபத்து. பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் 1986 வரை இந்த வாயுவைக் கண்டறியக் கானரிப் பறவைகளை உடன் கொண்டுசென்றனர். மோட்டார் வண்டியில் அத்தகைய காவல் எதுவுமில்லை.

என்ஜின் அறையில் கசியும் புகை, ஓட்டுநருக்கு முன்னுள்ள தகட்டிலிருக்கும் துளைகள் வழியாகவும் காற்று உட்புகும் வழிகள் மூலமாகவும் உள்ளே வரக்கூடும். முகாம் சென்ற இடத்தில் குளிருக்காகக் கண்ணாடிகளை மூடி, என்ஜினை ஓடவிட்டு உறங்குவது எவ்வண்டியிலும் தகாது. மேனிபோல்டைக் கழற்றி மாட்டிய வண்டியில் அது உயிருக்கே ஆபத்து. மூடிய கொட்டகைக்குள் என்ஜினை ஓட்டிப் பரிசோதிப்பதும் அவ்வாறே.

இன்றைய வண்டிகளில் நிலைமை

1995 ஏப்ரல் முதல் டில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு மாநகரங்களில் விற்கப்படும் புதிய பெட்ரோல் கார்களில் கிரியா ஊக்கிப் பெட்டி கட்டாயமாயிற்று. பட்டறைகளில் ‘காடலிடிக் கன்வெர்ட்டர்’ எனப்படுவது இதுவே. ஈயம் அதனைக் கெடுத்துவிடுமாதலால் ஈயமற்ற பெட்ரோலும் உடன் வந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. இப்பெட்டியினுள் தேன்கூடுபோன்ற அமைப்பின்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மிக மெல்லிதாகப் பூசப்பட்டுள்ளன. கார்பன் மோனாக்ஸைடையும் எரியாத பெட்ரோலையும் அவை கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாற்றுகின்றன; நைட்ரஜன் ஆக்ஸைடுகளைப் பிரித்து நைட்ரஜனாக்குகின்றன. நன்கு சூடேறிய நிலையில் இந்நச்சுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் அழிந்துவிடுகிறது.

ஆனால் சூடேறுமுன் அது ஏறக்குறைய செயலற்றது. 250 முதல் 300 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்திற்கு மேலேயே அது வேலை தொடங்கும். ஆகவே என்ஜின் கிளம்பியவுடன் அது விரைவில் சூடாக வேண்டுமென்று, வடிவமைப்பாளர்கள் அதனை வண்டியின் அடியிலிருந்து படிப்படியாக என்ஜினை நோக்கி நகர்த்தினர். 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் அமலுக்கு வந்த பாரத் ஆறாம் நிலை விதிகளின்கீழ் வெளிவரும் பல பெட்ரோல் கார்களில், அப்பெட்டி மேனிபோல்டுடனேயே ஒட்டி, ஒரே பாகமாக அமைந்துள்ளது.

இங்கேதான் விஷயம் தலைகீழாகிறது. பழைய அம்பாஸிடரில் மேனிபோல்டைக் கழற்றியவர் ஒரு வார்ப்பிரும்புத் துண்டைக் கழற்றினார். இன்றைய காரில் மேனிபோல்டைக் கழற்றுபவர் நச்சை அழிக்கும் சாதனத்தையே கழற்றுகிறார். வண்டிக்குப் பின்னால் சைக்கிளில் வருபவரும், பள்ளி வாயிலில் நிற்கும் பிள்ளையும் அதன் விலையைக் கொடுக்கின்றனர்.

அதனோடு நிற்பதுமில்லை. அக்குழாயில் பொருத்தியுள்ள ஆக்ஸிஜன் உணரி, புகையில் மீதியுள்ள பிராணவாயுவை அளந்து, பெட்ரோலின் அளவை நொடிக்கு நொடி திருத்தச் செய்கிறது. உணரிக்கு முன்னுள்ள இணைப்பில் கசிவு இருந்தால், சீறல்களுக்கு இடையேயான அழுத்தக் குறைவில் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். உணரி அதனைக் கண்டு, கலவையில் பெட்ரோல் குறைவெனத் தவறாக உணர்த்தும். கட்டுப்பாட்டுச் சாதனம் மேலும் மேலும் பெட்ரோலைப் பாய்ச்சும். மிச்சம் பிடிக்கப் பொருத்திய குழாயால் செலவு கூடும் விந்தை இவ்வாறு நேர்கிறது. எச்சரிக்கை விளக்கு எரியாதிருக்க உணரியை ஏமாற்றும் சிறு கருவிகளும் கடைகளில் உள்ளன. விளக்கு அணையும், நச்சு அப்படியே இருக்கும்.

டீஸல் வண்டிகளைப் பற்றிச் சில சொற்கள் போதும். கள அலுவலர் செல்லும் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் டர்போ உள்ளது. புகையின் வேகம் அங்கே விசிறியைச் சுழற்றவே செலவாகிறது. அலையின் வேளையைச் சரிசெய்யும் ஹெடருக்கு அங்கே வேலை மிகக் குறைவு.

1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் புகையின் அளவை 115-ஆம் விதியும், ஸைலன்ஸரை 120-ஆம் விதியும் கூறுகின்றன. புகைப் பரிசோதனையில் பழைய நான்கு சக்கரப் பெட்ரோல் வண்டிகளுக்குக் கார்பன் மோனாக்ஸைடு 3 சதவிகிதம்வரை அனுமதி உண்டு. பாரத் நான்காம் நிலை முதற்கொண்ட வண்டிகளுக்கு 0.3 சதவிகிதமே. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவின்படி, புகை, ஒலி விதிகளை மீறும் வண்டியை ஓட்டினால் முதல் குற்றத்துக்கே 10,000 ரூபாய்வரை அபராதமோ, மூன்று மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் நிறுத்தப்படும்.

பழைய கார்களைப் பேணுவோருக்கு மற்றொரு விதியும் உண்டு. முதற்பதிவாகி 50 ஆண்டு கடந்த வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகப் பதிவுசெய்ய 2021-இல் வழி செய்யப்பட்டது. ஆனால் சட்டம், உடற்பகுதி, என்ஜின் ஆகியவை மாற்றமின்றி மூலவடிவில் இருத்தல் வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஆகவே வெடிப்புக் காரணமாகத் தற்காலிகமாக ஹெடர் பொருத்த நேர்ந்தாலும், கழற்றிய வார்ப்பிரும்பு மேனிபோல்டைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிடக் கூடாது. வார்ப்பிரும்பைப் பற்றவைக்கத் தெரிந்தவர் கிடைக்கும்வரை, துருவைத் தேய்த்து எண்ணெய் பூசி, அதன் வாஷர்களையும் நட்டுகளையும் அதனுடனேயே ஒரு துணியில் முடிந்து வைத்தல் வேண்டும்.